வேனின் முன் ஸ்பிரிங்கைக் கழற்றுவது: நட்டில் கை வைக்கும் முன்

கேள்வி

வேனின் முன்பக்க இடது ஸ்பிரிங் உடைந்துவிட்டது. அடிச்சுற்றிலிருந்து ஒரு துண்டு கழன்று தரையில் கிடந்தது. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரம் தொங்கிவிடும், அப்போது ஸ்பிரிங்கில் பாரமே இருக்காது, சக்கரப் பக்கத்தையும் ஆர்மையும் இணைக்கும் பால் ஜாயிண்ட் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தானாகக் கையோடு வந்துவிடும் என்கிறார் நண்பர். சரிதானா? ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரசர் கட்டாயம் வேண்டுமா?

4 பிப்ரவரி, இரவு 9.40

சரியில்லை. தயவுசெய்து அந்த நட்டில் இன்று கை வைக்காதீர்கள்.

சக்கரம் தொங்குகிறது என்றால் வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இல்லை, அவ்வளவுதான். ஸ்பிரிங் முழுக்க விரிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. சேஸிஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்புக் கையான ஆர்ம் கீழே இறங்கிக்கொண்டே வரும்போது ஷாக் அப்சார்பர் ஓர் இடத்தில் பிடித்து நிறுத்திவிடும், இல்லையென்றால் ரப்பர் ஸ்டாப் நிறுத்தும். ஸ்பிரிங் அதற்கு மேலும் விரியத்தான் பார்க்கும், இடம் இல்லாததால் அப்படியே அழுந்தி நிற்கும். நீங்கள் பால் ஜாயிண்ட்டை விடுவித்த நொடியில் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டாக மேலே பாடி வரை போகிறதா, இல்லை லோயர் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஸ்பிரிங் தனியாக உட்கார்ந்திருக்கிறதா? இது தெரியாமல் வழி சொன்னால் தப்பான வழியாகத்தான் போகும்.

5 பிப்ரவரி, காலை

நீங்கள் அனுப்பிய படம் பார்த்தேன். மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம், நடுவில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் வயிற்றுக்குள் ஷாக். டபுள் விஷ்போன். இருக்கும் வகைகளில் அதிகம் கவனம் கேட்பது இதுதான்.

மற்றவர்களுக்காக எல்லா வகையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேன் என்ற ஒரே பெயரில் உள்ளே என்னென்னவோ இருக்கும். ஸ்ட்ரட் வகையில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே உருப்படி. முழுசாகக் கழற்றிக் கீழே எடுத்துவந்த பிறகுதான் ஆபத்து ஆரம்பிக்கும். பழைய ஃபோர்டு எகனோலைனில் இருப்பது போன்ற ட்வின் ஐ-பீம் வகையில் ஸ்பிரிங் ஒரு நீளமான பீமின் மேல் உட்கார்ந்திருக்கும். டொயோட்டா ஹையேஸின் எச்200 தலைமுறையில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, முறுக்கேறி ஸ்பிரிங் வேலையைச் செய்யும் டார்ஷன் பார் தண்டுதான். மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டரின் முதல் இரண்டு தலைமுறைகளில் முன்னால் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். அந்த வண்டிக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இல்லாத சுருளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

5 பிப்ரவரி, மதியம்

"இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா, நான் பத்துத் தடவை கம்ப்ரசர் இல்லாமலேயே எடுத்திருக்கிறேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எடுத்திருப்பீர்கள், நம்புகிறேன். நானும் ஆறேழு தடவை அப்படி எடுத்தவன்தான். அதற்கடுத்த தடவை நடந்ததைச் சொல்கிறேன்.

வலது பக்கம். ஷாக்கைக் கழற்றியாகிவிட்டது. லோயர் ஆர்முக்குக் கீழே சக்கர ஜாக்கி. பால் ஜாயிண்ட் பிரிந்தது, ஜாக்கியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஆர்மை இறக்கிக்கொண்டிருந்தேன். ஆர்ம் நேராகக் கீழே இறங்காது, சேஸிஸோடு இணையும் உள்பக்க முளையை மையமாக வைத்து வளைந்து இறங்கும். அதனால் ஜாக்கியும் இறங்க இறங்க உள்ளே உருள வேண்டும். என் ஜாக்கி உருளவில்லை. முன் சக்கரத்துக்கு அருகில் சுண்டைக்காய் அளவில் ஒரு ஜல்லிக்கல், அதில் இடித்து நின்றுவிட்டது. நான் கவனித்தது ஜாக்கியின் கைப்பிடியை மட்டும்தான். ஆர்ம் உள்ளே நகர, ஜாக்கி நகராமல் நிற்க, ஜாக்கியின் கிண்ணம் ஆர்மின் விளிம்புக்கு வந்துவிட்டது. அப்புறம் ஒரு 'ணங்'.

ஸ்பிரிங் வெளிப்பக்கமாகத்தான் வந்தது. தரையில் ஒரு தடவை அடித்து எழும்பி, நாலு மீட்டர் தள்ளி வைத்திருந்த இரும்புக் கருவிப்பெட்டியின் பக்கவாட்டில் போய் அடித்தது. அந்தப் பெட்டி இன்னமும் என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை அளவுக்குக் குழி, குழியின் ஓரத்தில் ஸ்பிரிங் கம்பியின் வளைவு அச்சு எடுத்தது போலத் தெரியும். அதற்குச் சில நொடிகள் முன்னால்தான் ஸ்பானரை எடுக்க அந்த வழியில் கை நீட்டியிருந்தேன்.

அந்த ஆறேழு தடவையும் நான் செய்த வேலை சரியாக இருந்ததால் தப்பிக்கவில்லை. தரையில் கல் இல்லாததால் தப்பித்தேன்.

5 பிப்ரவரி, இரவு

சரி, டபுள் விஷ்போனுக்கு என் வழக்கம் இது. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

சமமான, கெட்டியான சிமெண்ட் தரை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸின் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் போடுங்கள். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வேண்டவே வேண்டாம். அவை மெதுவாக நசுங்கி எச்சரிக்கை கொடுப்பதில்லை, ஒரே கணத்தில் பொடியாகிவிடும். ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடியும் போடுங்கள். கீழே படுத்துக்கொண்டு அசைவைக் கண்டுபிடிப்பதைவிட நின்றுகொண்டு கண்டுபிடிப்பது நல்லது.

ஸ்டாண்டின் உயரத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்ம் எவ்வளவு கீழே இறங்கினால் ஸ்பிரிங் முழுக்கத் தளரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். ஸ்டாண்ட் தாழ்வாக இருந்தால் ஜாக்கி அதன் அடிமட்டத்துக்கு வந்துவிடும், ஸ்பிரிங்கோ இன்னும் அழுத்தத்தில் இருக்கும். அந்த நிலையில் ஜாக்கியை உருவவும் முடியாது, மேற்கொண்டு இறக்கவும் முடியாது. கடப்பாரையைத் தேடத் தோன்றும் நேரம் அதுதான். புது ஸ்பிரிங் கையில் இருந்தால் அதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள், கணக்குக்கு அது போதும்.

வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்கை இரண்டு பக்கமும் விடுவியுங்கள். ஒரு பக்கம் மட்டும் விட்டால் அடுத்த பக்கத்து ஆர்ம் பார் வழியாக இதைப் பிடித்து முறுக்கும். பிரேக் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், ரப்பர் ஹோஸில் தொங்கக் கூடாது. ஏபிஎஸ் வயர் இருந்தால் அதையும் கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். ஸ்டியரிங்கிலிருந்து வரும் தண்டின் முனையான டை ராட் எண்டைப் பிரித்துவிட்டால், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் சுலபமாகத் திரும்பும்.

இப்போது ஜாக்கியை ஆர்மின் ஸ்பிரிங் கிண்ணத்துக்கு நேர் கீழே வைத்து, பாரம் ஜாக்கியில் ஏறும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். பிறகுதான் ஷாக்கைக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் ஆர்மை மேலும் இறங்காமல் பிடித்திருப்பதே ஷாக்தான்.

அடுத்து பால் ஜாயிண்ட். நட் கழலாமல் பூட்டும் காட்டர் பின்னை எடுத்துவிட்டு நட்டை மூன்று நான்கு மரை மட்டும் தளர்த்துங்கள். நட் மரையிலேயே இருக்கட்டும். நக்கிளுக்குள் இறுகியிருக்கும் பால் ஜாயிண்ட்டின் கூம்பைப் பிரிக்க செபரேட்டர் போட்டாலும் சரி, நக்கிளின் காதைப் பக்கவாட்டில் சுத்தியால் அடித்தாலும் சரி, விடும்போது டப்பென்று விடும். நட் இருந்தால் அது ஆறேழு மில்லிமீட்டர் இறங்கி நட்டில் நிற்கும். நட் இல்லையென்றால் எதில் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பிரிந்த பிறகு ஜாக்கியைத் துளி ஏற்றி, நட்டில் பாரம் இல்லாமல் விரலால் சுற்றும் நிலைக்குக் கொண்டுவந்த பின்தான் நட்டை எடுக்க வேண்டும். விரலால் சுற்றவில்லை என்றால் இன்னும் பாரம் இருக்கிறது.

அதற்கப்புறம் ஒவ்வொரு சென்டிமீட்டராக இறக்குங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு தடவை ஜாக்கியின் சக்கரங்களையும் கிண்ணத்தையும் பாருங்கள்.

6 பிப்ரவரி, காலை

நேற்று எழுதியதில் இரண்டு இடத்தைத் திருத்துகிறேன்.

ஒன்று, ஜாக்கி வைக்கும் இடம். ஸ்பிரிங் கிண்ணத்துக்கு நேர் கீழே என்று எழுதிவிட்டேன். அங்கேதான் ஷாக்கின் ஓட்டை இருக்கிறது, உள்கம்ப்ரசரின் திருகுத்தண்டு அந்த ஓட்டை வழியாகத்தான் வரும். ஜாக்கி அதை மறைத்துவிடும். மேலும் ஸ்பிரிங் ஆர்மின் பாதி நீளத்தில் உட்கார்ந்திருந்தால், அங்கே தாங்க வேண்டிய பாரம் வெளி நுனியில் தாங்குவதைப் போல் இரண்டு மடங்கு. எனவே ஆர்மின் வெளி நுனிக்குப் பக்கத்தில், தட்டையான இடம் பார்த்து வையுங்கள். பால் ஜாயிண்ட்டின் அடிமூடியில் வைக்கக் கூடாது. வெளியே வைத்தால் ஜாக்கி அதிக தூரம் இறங்க வேண்டியிருக்கும், ஆகவே ஸ்டாண்ட் உயரத்தைப் பற்றிச் சொன்னது இன்னும் முக்கியமாகிறது.

இரண்டாவது பெரிய தப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி இறக்குவது போல எழுதியிருக்கிறேன். கருவிப்பெட்டியின் கதையைச் சொல்லிவிட்டு அதே இரவில் அதே முறையைச் சொல்லியிருக்கிறேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது முழுக்க சரி. சங்கிலியும் கம்ப்ரசரும் என் கைப்பழக்கத்தில் இருப்பதால் எழுத்தில் விட்டுப்போய்விட்டன. புதிதாகச் செய்பவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது.

சங்கிலி: ஷாக்கை எடுத்ததும், ஜாக்கியில் மறுபடியும் கை வைக்கும் முன், ஸ்பிரிங்கின் இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் நுழைத்து லோயர் ஆர்மையும் சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரையும் சுற்றி வளைத்து போல்ட் போட்டுப் பூட்டுங்கள். ஸ்பிரிங் அதன் முழு நீளத்துக்கு விரியும் அளவு தளர்வு இருக்கட்டும், வண்டியை விட்டு வெளியே பறக்கும் அளவு வேண்டாம். இரும்புச் சங்கிலிதான். கயிறு அந்த வேகத்தில் கம்பியின் விளிம்பில் அறுந்துவிடும்.

உள்கம்ப்ரசர்: ஷாக் இருந்த ஓட்டை வழியாகத் தண்டு உள்ளே போகும், மேல்தட்டு ஸ்பிரிங்கின் மேல்சுற்று ஒன்றில் மாட்டிக்கொள்ளும், கீழே இருந்து நட்டை முறுக்கினால் ஸ்பிரிங் சுருங்கும். இது போட்ட பிறகு ஜாக்கி வழுக்கினாலும் ஸ்பிரிங்கைத் தண்டு பிடித்துக்கொள்ளும். உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், கம்ப்ரசர் வேண்டும். சொந்தமாக வாங்க வேண்டாம், பட்டறையில் இரவல் கேட்டாலும் போதும். எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள், ஸ்ட்ரட்டுக்கான கொக்கி ஜோடி உங்கள் வண்டிக்கு உதவாது. ஆர்முக்குள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைச் சுற்றி அந்தக் கொக்கிக்கு இடம் இருக்காது.

6 பிப்ரவரி, மாலை

"எத்தனை கிலோ பாரம் இருக்கும்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஸ்பிரிங்கின் அளவு என்னிடம் இல்லை. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

கம்பியின் தடிமன் 16 மி.மீ., சுற்றின் சராசரி விட்டம் 120 மி.மீ., வேலை செய்யும் சுற்றுகள் 6 என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் எஃகுக்கு இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் அழுத்த ஏறக்குறைய 62 நியூட்டன் விசை வேண்டும். 150 மி.மீ. அழுந்தியிருந்தால் 9,300 நியூட்டன். 950 கிலோ எடையை அதன் மேல் வைத்தது போல. அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 700 ஜூல், அதாவது 10 கிலோ இரும்பை 7 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையில் என்ன அடி விழுமோ அது.

ஆற்றல், அழுந்திய தூரத்தின் வர்க்கத்தோடு போகும். பாதி தூரம் இறக்கிவிட்டால் ஆற்றல் கால்பங்குதான் மீதி. அதனால்தான் முதல் சில சென்டிமீட்டர் இறக்குவதில் அவ்வளவு பலன். ஆனால் விசை அப்படிக் குறைவதில்லை, தூரத்தின் நேர்விகிதத்தில்தான் குறையும். இன்னும் 40 மி.மீ. அழுத்தம் மிச்சம் இருக்கும்போது ஆற்றல் 50 ஜூல்தான், பெரிதாகத் தெரியாது. விசையோ 250 கிலோ. நிறைய விரல்கள் நசுங்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். "ஏறக்குறைய தளர்ந்துவிட்டது, கையால் இழுத்துக்கொள்ளலாம்" என்று தோன்றும் இடம். ஸ்பிரிங் கிண்ணத்துக்குள் தானாக ஆடும் வரை சுற்றுகளுக்கு நடுவே விரல் போகவே கூடாது.

6 பிப்ரவரி, இரவு

கணக்கில் ஒரு சேர்க்கை. கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. 16-க்குப் பதில் 15 மி.மீ. என்றால் ஸ்பிரிங்கின் விறைப்பு 62-லிருந்து 48-க்கு வந்துவிடும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகள் ஒரே ஸ்பிரிங் இல்லை. வாங்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல் காலிப்பர் வைத்து அளந்துவிடுங்கள். பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்.

8 பிப்ரவரி

ஸ்ட்ரட் வண்டிக்காரர் ஒருவர் கேட்டது: "மேலே பானெட்டுக்குள் மூன்று சின்ன நட்டும் நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரிகிறது. எதில் ஆரம்பிப்பது?"

நடுவில் இருப்பதை விட்டுவிடுங்கள், அது கடைசி. மூன்று சின்ன நட்டுகள் ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடித்திருக்கின்றன. நடு நட்டு ஸ்பிரிங்கை அழுத்தத்தில் பிடித்திருக்கிறது. கம்ப்ரசர் இல்லாமல் அதை முழுக்கக் கழற்றினால் மேல்தட்டும் ஸ்பிரிங்கும் முகத்தை நோக்கி வரும். சின்ன நட்டுகளையும் கீழே நக்கிள் போல்ட்டுகளையும் எடுத்து உருப்படியை முழுசாக வெளியே கொண்டுவந்து, பெஞ்சில் வைத்துத்தான் ஸ்பிரிங் வேலை.

இங்கே கொக்கி ஜோடி போடலாம். நேர் எதிரெதிரே, எத்தனை சுற்று கவ்வ முடியுமோ அத்தனை. திருகை ஒரு பக்கம் இரண்டு திருப்பு, மறுபக்கம் இரண்டு திருப்பு என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முறுக்கிக்கொண்டே போனால் ஸ்பிரிங் வாழைப்பழம் போல வளையும், வளைந்தால் கொக்கி கம்பியின் மேல் வழுக்கும். புது ஸ்பிரிங்கின் எபாக்ஸிப் பூச்சு வழவழப்பானது, அதில் கிரீஸ் பட்டால் இன்னும் மோசம். கொக்கிக்குக் கிரீஸ் கூடாது, திருகு மரைக்குக் கட்டாயம் வேண்டும். பீப்பாய் வடிவத்திலோ கூம்பாகவோ இருக்கும் ஸ்பிரிங்குக்கு இந்தக் கொக்கி ஜோடியே வேண்டாம், தட்டு வைத்த பெஞ்ச் கம்ப்ரசர் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அது பத்து நிமிட வேலை.

மேல்தட்டு கையால் சுற்றும் வரை அழுத்திய பிறகு நடு நட்டு. அதுவரை தொடாதீர்கள்.

8 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

நட்டை அடித்து அடித்து முறுக்கும் இம்பாக்ட் கன் வைத்து கம்ப்ரசரை முறுக்கலாமா என்றால், கூடாது. மரை சூடேறி இறுகிவிடும். இரண்டாவது, கைரெஞ்ச்சில் முறுக்கும்போது கொக்கி நகர்வதை, தண்டு வளைவதை, சத்தம் மாறுவதைக் கை உணர்ந்துவிடும். கன் அந்தத் தகவலையெல்லாம் விழுங்கிவிடும்.

9 பிப்ரவரி

ட்வின் ஐ-பீம் வைத்திருப்பவருக்குச் சுருக்கமாக: உங்கள் வேலை எளிது. சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றி, பீமை ஜாக்கியில் தாங்கி, ஷாக்கின் கீழ் முனையை விடுவித்து, பீமை இறக்கிக்கொண்டே போங்கள். ஸ்பிரிங் தளர்ந்த பிறகு அதைப் பிடித்திருக்கும் நட்டையும் தட்டையும் எடுத்தால் வந்துவிடும். பீம் நீளமாக இருப்பதால் நிறைய இறங்கும், பிரேக் ஹோஸ் மட்டும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

9 பிப்ரவரி, இரவு

மூத்தவர் ஒருவர் எழுதியிருக்கிறார், அவர் பால் ஜாயிண்ட்டைத் தொடுவதே இல்லையாம். லோயர் ஆர்மின் உள்பக்க முளை போல்ட்டுகள் இரண்டையும் எடுத்து, ஆர்மின் உள்முனையை ஜாக்கியில் இறக்குவாராம். ஐயா சொல்வது உண்மையான முறைதான், சில வண்டிகளின் சர்வீஸ் கையேடுகளே இதைச் சொல்கின்றன. கூம்பை அடித்துப் பிரிக்கும் அதிர்ச்சி இல்லை, பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழியாது. ஆனால் இரண்டு முளைகளையும் ஒரே நேரத்தில் தாங்கும் தொட்டில் போன்ற தாங்கி ஜாக்கியின் மேல் வேண்டும். வெறும் கிண்ணத்தில் வைத்தால் ஆர்ம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்தத் தாங்கி இருந்தால் நானும் இதையே தேர்ந்தெடுப்பேன். சங்கிலி இதற்கும் உண்டு.

10 பிப்ரவரி

கேள்வி கேட்டவருடையது உடைந்த ஸ்பிரிங் என்பதை இவ்வளவு நேரம் நாங்கள் எல்லோரும் பாதி மறந்துவிட்டோம். அதைப் பற்றி.

அடிச்சுற்று உடைவது வழக்கம். கீழ்க்கிண்ணத்தில் தண்ணீரும் மண்ணும் தேங்கும், பூச்சு உரசித் தேயும், துருப்பிடித்த சின்னப் பள்ளத்தில் விரிசல் தொடங்கும். துண்டு விழுந்த பிறகும் மீதி ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் நிற்கிறது, உடைந்ததால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதைவிட, உடைந்த முனை கிண்ணத்தின் படியில் உட்காராமல் எங்கோ ஓர் ஓரத்தில் ஊன்றி நிற்கும், ஸ்பிரிங் சாய்வாக இருக்கும். இறக்கும்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்க முடியாது. உடைந்த முனை உளிபோல் கூராகவும் இருக்கும். கம்ப்ரசரின் தட்டை உடைந்த சுற்றிலோ அதற்கு அடுத்த சுற்றிலோ மாட்டாதீர்கள், முழுசான சுற்றுகளைப் பார்த்து மாட்டுங்கள். ஒரு டார்ச் வெளிச்சத்தில் எல்லாச் சுற்றுகளையும் பாருங்கள், இரண்டாவது விரிசல் இருந்தால் இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம்.

கேஸ் வெல்டிங் தீயால் அறுத்து எடுத்துவிடலாம், எப்படியும் குப்பைக்குப் போவதுதானே என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அழுத்தத்தில் இருக்கும் கம்பி கடைசி இரண்டு மில்லிமீட்டர் வரை காத்திருக்காது. பாதி அறுந்ததும் தானாக முறியும், அப்போது உங்கள் முகம் தீயோடு அதற்குப் பக்கத்தில் இருக்கும். பக்கத்தில் பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், கிரீஸ். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள். இந்த யோசனையை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

11 பிப்ரவரி

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஸ்பிரிங் எவ்வளவு அழுந்துகிறதோ அவ்வளவு விசை என்ற அந்த விதியைக் கண்டுபிடித்த இராபர்ட் ஹூக், 1676-இல் அதை நேரடியாகச் சொல்லாமல் எழுத்துகளைக் கலைத்து ஒரு புதிராக அச்சிட்டார். 1678-இல்தான் விடையை வெளியிட்டார். இன்னொருவர் முந்திக்கொள்ளக் கூடாது, ஆனால் முதலில் கண்டது தான் என்பதும் பதிவாக வேண்டும்.

ஸ்ட்ரட்டுக்குப் பெயர் கொடுத்த ஏர்ல் மெக்ஃபெர்சன் அமெரிக்கப் பொறியாளர். அவருடைய அமைப்பு 1950-இல் ஃபோர்டு கான்சலில் வந்தது. மேல் ஆர்மையே எடுத்துவிட்டு, ஷாக்கின் தண்டே அந்த வேலையைப் பார்க்கும்படி செய்தார். நம்மைப் போலக் கீழே படுத்து வேலை செய்கிறவர்களுக்கு அதில் ஒரு பெரிய நன்மை கிடைத்தது: அழுந்திய ஸ்பிரிங்கை வண்டியை விட்டு வெளியே கொண்டுவந்து, வெளிச்சத்தில், நின்றுகொண்டு கையாளலாம். டபுள் விஷ்போன் சாலையில் நன்றாக ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை சங்கிலியைப் பூட்டும்போதும் எனக்கு மெக்ஃபெர்சன் ஞாபகம் வருகிறது.

13 பிப்ரவரி

என்ஜின் பின்னால் இருக்கும் வேன் வைத்திருப்பவர், 1979-இல் வந்த ஃபோக்ஸ்வாகனின் மூன்றாம் தலைமுறை வண்டி, ஒரு நல்ல அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். புது ஸ்பிரிங்கை வைத்து ஆர்மை ஜாக்கியால் ஏற்றும்போது ஸ்பிரிங் சுருங்குவதற்குப் பதிலாக வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பிவிட்டதாம். இது என் பட்டியலில் இல்லாத விஷயம். முன்பக்கத்தில் எடை குறைவான வண்டி, இல்லை என்ஜினை இறக்கி வைத்திருக்கும் வண்டி என்றால் ஸ்பிரிங்கை அழுத்தும் அளவுக்கு மேலே எடை இருக்காது. ஸ்டாண்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். உள்ளே ஆட்களை உட்கார வைத்து எடை கூட்டலாம் என்று யோசித்தாராம். வேண்டாம், வண்டி வழுக்கினால் அவர்களும் சேர்ந்து விழுவார்கள். ஸ்பிரிங்கைக் கம்ப்ரசரிலேயே சுருக்கி உள்ளே வைப்பதுதான் வழி.

15 பிப்ரவரி

கேள்வி கேட்ட நம் நண்பர் இன்று வேலையை முடித்துவிட்டார். காலையில் தொடங்கி மாலை வரை. சங்கிலி போட்டிருக்கிறார், உள்கம்ப்ரசர் இரவல் வாங்கியிருக்கிறார், வேலையைத் தொடங்கும் முன் தரையை இரண்டு தடவை பெருக்கியிருக்கிறார். படத்தில் அந்தத் தரையைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது.

பால் ஜாயிண்ட் பிரிந்தபோது ஆர்ம் நட்டில் வந்து நின்றதாம். "சத்தம் கேட்டு ஓடிவிட்டேன், திரும்பி வந்து பார்த்தால் நட் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்கிறார். அந்த நட்டைத்தான் முதல் நாள் கழற்றச் சொன்னார் அவருடைய நண்பர்.

மாட்டும் பக்கத்துக்குச் சில குறிப்புகள், இனி செய்பவர்களுக்கு. ஸ்பிரிங்கின் மேல் எது, கீழ் எது என்று பழையதைக் கழற்றும்போதே பெயிண்டால் குறித்து வையுங்கள். கம்பியின் முனை கிண்ணத்தின் படியில் முட்டி உட்கார வேண்டும்; ஆர்மை ஏற்றும்போது அது திரும்பி நகர்ந்துவிடும், பாதி ஏற்றியதும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். மேலே ரப்பர் வளையத்தை மறக்காதீர்கள். காட்டர் பின்னும் லாக் நட்டும் புதுசு. ஒரு பக்கம் உடைந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஆர்மின் புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் ஆர்ம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ்ஷின் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அப்புறம் அலைன்மெண்ட். வண்டியின் உயரம் மாறினால் சக்கரக் கோணங்களும் மாறும்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கம்ப்ரசரோடு அப்படியே மூலையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அன்றே மெதுவாகத் தளர்த்திவிட வேண்டும்.

16 பிப்ரவரி

நேற்று "இரண்டு பக்கமும் மாற்றுங்கள்" என்றதற்கு, உடையாததை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கழற்றிய வலது ஸ்பிரிங்கை நண்பர் புதுசுக்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்து அனுப்பியிருக்கிறார்: உடையாமலேயே 11 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. அடிச்சுற்றில் பூச்சு போய், துரு மண்டி, நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு பள்ளம். இடது பக்கம் உடைந்த அதே இடத்தில்.

2 மார்ச்

நண்பர் மறுபடியும் எழுதியிருக்கிறார். வண்டி ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இடதும் வலதும் 3 மி.மீ. வித்தியாசம்தானாம். இது போதும். ஆனால் இடது பக்கம் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறதாம்.

கம்பி முனை படியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஸ்டெபிலைசர் லிங்க்கின் நட், அதையும் டை ராட் எண்டையும் வண்டி தரையில் நிற்கும்போதே ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடலாம். முனை படியை விட்டு நகர்ந்திருந்தால் ஆர்மை மறுபடியும் இறக்கத்தான் வேண்டும், சங்கிலியோடு.

2 மார்ச், இரவு

லிங்க் நட்தான். அரைச்சுற்று தளர்வாக இருந்திருக்கிறது. இறுக்கியதும் சத்தம் நின்றுவிட்டது.